கொருக்குப்பேட்டைக்கு வடக்கே

"இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?" என்று வீட்டில் பேச்சு எழுந்தால் என்ன நடக்கும் என்பது எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் தெரிந்த சமாசாரம். பெரிய பையன் மகாபலிபுரம் என்பான். சின்னப் பெண் வண்டலூர் மிருகக் காட்சி சாலை என்பாள். வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "மெரீனாவுக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தால் போதாதா?" என்பார். செலவில்லாத காற்று அல்லவா! கடைசியில் யார் கட்சி ஜெயித்தாலும், வண்டி போவது என்னவோ தெற்கே தான்.

"ஏங்க, வடக்கே போனால் என்ன?" என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள். "வடக்கே என்ன இருக்கிறது? எண்ணெய்த் தொட்டியும் புகைபோக்கியும் லாரியும் தானே?" என்று பதில் வரும். கொருக்குப்பேட்டையிலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் குடியிருப்பவர்கள் கூட இப்படித்தான் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரயிலடி. அங்கே ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நெல் வயலும் தென்னந்தோப்பும். அதற்கு அப்பால், இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் இரண்டாவது பெரிய ஏரி. அதன் கரையில், சென்னைப் பட்டணத்துக்கே மூத்த ஒரு பட்டணம். இவ்வளவும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நாம் திரும்பிப் பார்ப்பதில்லை!

கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம், வாருங்கள்.

இரண்டு பாதை கூடும் இடம்

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தை வெறும் ஸ்டேஷன் என்று நினைத்துவிட வேண்டாம். சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் பாதையும், கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும் ஒன்று சேரும் இடம் இது. சேர்ந்த பிறகு இரண்டும் ஒரே பாதையாகக் கும்மிடிப்பூண்டியை நோக்கி ஓடுகின்றன. இந்தப் பேட்டைக்காரர்கள் பிரயாண விஷயத்தில் உண்மையில் பாக்கியசாலிகள்.

பக்கத்து ராயபுரத்தின் பெருமையைச் சொல்லாமல் போனால் ராயபுரத்துக்காரர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ம் வருஷம் ஜூலை 1ந் தேதி அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தப் பழைய நிலையக் கட்டிடம், தூண்களோடும் கம்பீரத்தோடும் இன்றும் நிற்கிறது. ரயில் ஏறுவதற்கு முன்பே குழந்தைகளுக்குக் காட்ட ஒரு காட்சி கிடைத்துவிட்டது, பாருங்கள்!

ரயிலுக்கும் முந்திய பாதை ஒன்றும் இந்தப் பக்கத்தில் உண்டு. அதுதான் பக்கிங்காம் கால்வாய். இன்று அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். 1806ம் வருஷம் சென்னையிலிருந்து எண்ணூர் வரை அது வெட்டப்பட்டபோது நிலைமை வேறு. பிறகு பழவேற்காடு வரையும் அதற்கு அப்பாலும் நீண்டது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் சுமந்த படகுகள் அதன் வழியாகப் பட்டணத்துக்கு வந்தன. தாது வருஷப் பஞ்சத்தின் போது, பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து நகருக்குள் இருக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878ல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. நம் பாட்டிமார்கள் அடுப்பு மூட்டிய சவுக்கு விறகில் எத்தனையோ கட்டு அந்தத் தண்ணீர் வழியாக மிதந்து வந்ததுதான்.

ஜன்னல் ஓரத்துப் புண்ணியம்

ரயில் கிளம்பிவிட்டது. தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர் தாண்டினால் திருவொற்றியூர். தியாகராஜ சுவாமியும் வடிவுடையம்மனும் கோயில் கொண்ட தலம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய பெருமை உடையது. மூலவர் ஆதிபுரீசுவரருக்கு வருஷம் முழுவதும் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் களைந்த தரிசனம்.

கல்யாணமான பெண்களுக்கு இந்த ஊரில் தனியாக ஓர் அபிமானம் ஏற்படுவதற்குக் காரணம் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலி நாச்சியாரை மணப்பதற்கு முன், "உன்னைப் பிரியேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தது இங்கேதான். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். தாண்டிய மாத்திரத்தில் இரண்டு கண்களும் பார்வை இழந்தன என்கிறது பெரிய புராணம். மனைவிக்குக் கொடுத்த வாக்கு இறைவனுடைய தோழருக்கே விலக்கில்லை என்பதை, ரயில் திருவொற்றியூரில் நிற்கும் அந்த அரை நிமிஷத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லலாம்!

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடிய நாளில் மூன்று அம்மன்களை ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கமும் இந்த வட்டாரத்துக்கே சொந்தம். காலையில் மீஞ்சூருக்குப் பக்கத்தில் மேலூர் திருவுடையம்மன். உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன். மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்ற மூன்று சக்திகளாக அவர்களை வணங்குகிறார்கள். சுற்றுலா என்ற சொல் நம் வழக்கில் வருவதற்கு முன்பே நம் பெண்கள் சுற்றுலாப் போய்க் கொண்டுதான் இருந்தார்கள். கையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் இருந்ததால் அதற்கு யாத்திரை என்று பெயர், அவ்வளவுதான்.

அடுத்தது விம்கோ நகர். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரே ஊருக்குப் பெயர் ஆயிற்று. 2021ம் வருஷம் பிப்ரவரி முதல் மெட்ரோ ரயிலும் இதுவரை வருகிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த என்பீல்டு மோட்டார் சைக்கிள் 1955ல் சென்னைக்குக் குடியேறித் திருவொற்றியூரில் வளர்ந்தது. தெருவில் தடதடவென்று போகும் புல்லட் வண்டி, ஒரு வகையில் நம் வடசென்னைப் பிள்ளை!

எண்ணூர் சொல்லும் பாடம்

எண்ணூர் வருகிறது. இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

கம்பெனி காலத்துத் துரைமார்களும் துரைசானிகளும் உல்லாசமாகப் பொழுது போக்க வந்த இடம் எது தெரியுமா? இந்த எண்ணூர்தான். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகம், சுற்றிலும் அலையாத்திச் செடிகள், படகு ஓட்ட அமைதியான நீர், கடல் காற்று. அந்தக் காலத்தில் எண்ணூருக்குப் போகிறோம் என்றால், இன்று ஏலகிரிக்குப் போகிறோம் என்பது போல.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1970ல் அனல் மின்சார நிலையம். உரம், எண்ணெய், நிலக்கரி என்று இன்னும் பல. 2001ல் புதிய துறைமுகம். நம் வீட்டு மிக்ஸியும் மின் விசிறியும் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டாமா என்றால், வேண்டும்தான். அந்தப் பழைய மின் நிலையம் 2017ல் மூடப்பட்டும் விட்டது. ஆனால் சாம்பலும் கழிவும் ஆற்றில் படிந்தது படிந்ததுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. அலையாத்திச் செடிகளில் எண்ணெய் அப்பிக் கொண்டது. நீர்ப் பறவைகளின் சிறகெல்லாம் கரி.

நாலு தலைமுறைக்கு முன் உல்லாசபுரி. இன்று ரயில் ஜன்னலைச் சாத்திக் கொள்ளும் ஊர். ஓர் அழகான இடம் அழகாகவே இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. எண்ணூருக்கு வடக்கே இருப்பதை நாம் போய்ப் பார்க்க வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். தெரியாத இடம் அழிந்தால் யாருக்கும் வலிக்காது. ஒரு நாளாவது குழந்தைகளோடு உட்கார்ந்து கட்டுச் சாதம் சாப்பிட்ட இடம் என்றால் கேட்பதற்கு நாலு பேர் இருப்பார்கள்.

அத்திப்பட்டு தாண்டும்போது உப்பளங்கள் தெரிகின்றன. மீஞ்சூரில் ஏகாம்பரநாதரும் வரதராஜரும் இருப்பதால் அதற்கு வட காஞ்சி என்று பெயர். பிறகு வயல், ஏரி, கொக்கு. கொருக்குப்பேட்டையிலிருந்து சுமார் 30 கிலோ மீட்டரில் பொன்னேரி. இங்கே இறங்க வேண்டும். ஆரணி ஆற்றங்கரையில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கிறார்கள். சித்திரையில் சிவனும் பெருமாளும் எதிரும் புதிருமாக வீதியில் வந்து சந்திக்கும் உற்சவம் இந்த ஊருக்குத் தனிச் சிறப்பு.

வாடகை வீட்டில் இருந்து அலுத்தவர்களுக்கு இன்னொரு செய்தி. பொன்னேரிக்கு மேற்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சிறுவாபுரி. அங்குள்ள பாலசுப்பிரமணிய சுவாமியை ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து தரிசித்தால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தால் பட்டணத்தில் எத்தனை பேர் வாடகை கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு தெரிந்துவிடும்.

சென்னைக்கு மூத்த ஊர்

பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. வழியெல்லாம் கிராமம்.

சென்னைப் பட்டணத்துக்கு வித்திட்ட பிரான்சிஸ் டே இந்தக் கரையில் இடம் பிடித்தது 1639ல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1613ல், பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிவிட்டார்கள். விஜயநகர வேந்தர் வேங்கடபதி ராயர் அவர்களுக்கு அனுமதி கொடுத்தார். அவர்களுக்கும் முன்னால் போர்த்துக்கீசியர் வந்து மாதா கோயில் எழுப்பினார்கள். மரக்கலம் ஓட்டி வந்த முஸ்லிம் வணிகர்களோ எல்லாருக்கும் முன்னாலிருந்தே இங்கே இருந்தார்கள். சோழ மண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் 1690 வரை இதுதான். பிறகு நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும் அகழியின் சுவடும்தான். ஆனால் பக்கத்தில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. தொல்பொருள் இலாகா காத்து வருகிறது. வாசலில் இரண்டு பக்கமும் துவார பாலகர்கள் போல நிற்பவர்கள் யார் என்கிறீர்கள்? கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள்! சின்னக் குழந்தைகள் பயப்பட்டால், "நாம் எல்லாரும் உள்ளே இப்படித்தான் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள், சிரித்துவிடும். உள்ளே பிரம்மாண்டமான கற்பலகைகளில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் நேற்றுச் செதுக்கியது போலத் தெளிவாக இருக்கின்றன. கடல் கடந்து வந்து, இந்த வெயில் தாங்காமல், சின்ன வயசிலேயே மாண்டு போனவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பெண்களும் உண்டு, கைக்குழந்தைகளும் உண்டு.

அவர்கள் இங்கே எதற்காக வந்தார்கள்? துணிக்காக. நம் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணியும் சாயத் துணியும் கப்பலேறி ஜாவாவுக்கும் மலாக்காவுக்கும் போயின. அவற்றைக் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். மலேயாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் "காயின் பெலிகாட்" என்றுதான் பெயர். பெலிகாட் என்பது புலிகாட், அதாவது நம் பழவேற்காடு! கோட்டை மண்ணாகிவிட்டது, தறியின் பெயர் மட்டும் கடல் தாண்டி நிலைத்துவிட்டது.

பெருமையை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நியாயம் அல்ல. பஞ்சம் வந்த வருஷங்களில் வயிற்றுக்கில்லாமல் தவித்த ஆயிரக்கணக்கான ஜனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி, இதே கரையிலிருந்து பட்டேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. பெயர் பொறித்த பலகையும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது அவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்வோம்.

ஊருக்குள் ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. செம்புறைக் கல்லால் ஆனது. விரல் நீள உருவங்களாக ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். மசூதி, மாதா கோயில், பெருமாள் கோயில் மூன்றும் நடந்தே பார்த்துவிடக் கூடிய தூரத்தில்தான்.

ஓலையும் இறாலும்

பழவேற்காட்டில் பெண்கள் பார்க்க வேண்டிய காட்சி எது என்று கேட்டால், கோட்டையை அல்ல, கூடையைத்தான் சொல்ல வேண்டும். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் பனங்குருத்தைக் கிழித்து, காய வைத்து, சாயம் ஏற்றிப் பின்னுகிறார்கள். பெட்டி, தட்டு, மூடி போட்ட கூடை, விசிறி எல்லாம் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உருவாகின்றன. சமையல், குழந்தை, வீட்டு வேலை இவற்றுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் பின்னிய உழைப்பு அது. நகரத்துக் கடையில் இதே பெட்டிக்குக் கேட்ட விலையை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு, இங்கே பின்னிய கைக்கே கொடுக்கும்போது மட்டும் பத்து ரூபாய் குறைத்துக் கேட்காதீர்கள், அம்மா. அது நியாயம் இல்லை.

ஏரியில் இன்னொரு விதமான உழைப்பு. இருளர் குலத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக இருந்து, வலை இல்லாமல், சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக் கொள்வார்கள். இரண்டு கையும் வேலையில் அல்லவா இருக்கிறது! மார்க்கெட்டில் இறால் விலையைக் கேட்டு நாம் முகம் சுளிக்கும்போது இந்தக் காட்சி ஞாபகம் வந்தால் நல்லது.

மீனவர்களிடம் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்குப் "பாடு" என்று பெயர். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. நல்ல இடத்தை வலுத்தவன் பிடித்துக் கொண்டால் இளைத்தவன் என்ன செய்வான்? அதனால் உரிமை உள்ள கிராமத்தார் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துக் கொள்கிறார்கள். இன்று உனக்கு நல்ல இடம் என்றால் நாளை எனக்கு. கொருக்குப்பேட்டையில் தண்ணீர் லாரி வரும்போது குடங்களை வரிசையில் வைத்து முறை காக்கிறோமே, அதே தர்மம்தான். குழாயடியில் சண்டை வருவது போல அங்கேயும் வருவதுண்டு. ஆனாலும் முறை நிற்கிறது.

பூநாரை விருந்தாளி

இந்த ஏரி விசித்திரமான ஏரி. பரப்பு 250 முதல் 450 சதுர கிலோ மீட்டர் வரை மாறிக் கொண்டே இருக்கும். மழைக் காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பு நீரைக் கொண்டு வரும். இரண்டும் கலந்த இந்த நீரில்தான் இறாலும் நண்டும் வளர்ந்து கொழுக்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டுப் போனால் கலப்பு நின்றுவிடும், மீன் குறையும், அடுப்பு அணையும். மணல் மேட்டை மீனவர்கள் கவலையோடு பார்ப்பது இதனால்தான். பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்த்து வந்ததற்கும் காரணம், கரை அரிக்குமோ, ஏரி கெடுமோ என்ற இதே பயம்தான்.

ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971லிருந்து அங்கே ராக்கெட் விடுகிறார்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே நெருப்பு வால் தெரியும். ஊரார் ஆவலாய்ப் பார்ப்பார்கள். ஆனால் பாதுகாப்புக்காக அன்று மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. நமக்கு வாணவேடிக்கை; அவர்களுக்கு ஒரு நாள் கூலி.

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியதும் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நெட்டைக் கால், வளைந்த அலகு. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கி, சேற்று நீரைச் சலித்துச் சாப்பிடும். நாம் ரவை சலிப்பதைவிட நேர்த்தி! அந்த இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வந்தது அல்ல. சாப்பிடும் பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கும் சாயம் உடம்பில் ஏறியது. ஏரி கெட்டு உணவு போய்விட்டால் நிறமும் வெளுத்துவிடும். கூட்டமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் வடக்கே சூலூர்பேட்டை வரை ரயிலில் போய், ஏரியின் நடுவே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் பார்க்கலாம். மார்கழியும் தையும் நல்ல காலம்.

அந்தக் கிறிஸ்துமஸ் நாள்

இனிச் சொல்லப் போவது சந்தோஷமான விஷயம் இல்லை. சொல்லாமல் விடவும் முடியாது.

2011ம் வருஷம் டிசம்பர் 25ந் தேதி. பண்டிகையைக் கொண்டாட உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள் பழவேற்காட்டில் ஒரு படகில் ஏறினார்கள். அது மீன் பிடிக்கும் படகு. அளவுக்கு மேல் ஆட்கள். மிதவைச் சட்டை கிடையாது. படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். புதுத் துணி உடுத்திக் காலையில் கிளம்பிய குடும்பம் மாலையில் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது.

ஏரியின் ஆழம் பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர்தான். அதனால்தான் நமக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் முகத்துவாரத்துப் பக்கம் ஆழமும் இழுப்பும் உண்டு. ஓட்டத்துக்கு யாரும் பெரியவர் சிறியவர் இல்லை. "வாங்கம்மா, ஒன்றும் ஆகாது" என்று யாராவது கூப்பிட்டால், அரசாங்க அனுமதி இருக்கிறதா, ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் கரையிலேயே நில்லுங்கள். குழந்தை அழட்டும்; முறுக்கு வாங்கிக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் அழுகை நின்றுவிடும்.

கூப்பிடுகிறவர் மீதும் கோபம் வேண்டாம். வலையில் மீன் விழாத நாளில் அவருக்கு நம் நூறு ரூபாய் பெரிய பணம். தடை போட்டால் மட்டும் பிரச்னை தீர்ந்துவிடாது. நல்ல படகு, பயிற்சி பெற்ற ஆள், கணக்கான கூட்டம் என்று ஒழுங்காக ஏற்பாடு செய்தால் அவருக்கும் பிழைப்பு, நமக்கும் பத்திரம்.

சீமையில் ஒரு பெண்மணி

உலகத்தில் மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி ஜில்லா என்றே பெயர் பெற்ற கிராமப் பிரதேசம் ஒன்று இருக்கிறது. மலையும் ஏரியும் ஆட்டு மந்தையுமாய் இருக்கும். வேர்ட்ஸ்வொர்த் என்ற மகாகவி பிறந்து வாழ்ந்த சீமை. அவரே 1810ல் அதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதி ஊரை விளம்பரப்படுத்தினார். பிறகு 1844ல் அங்கே ரயில் விடத் திட்டம் போட்டபோது, "கூட்டம் வந்து கெடுத்துவிடும்" என்று அவரே எதிர்த்தார்! புத்தகத்தையும் எழுதிவிட்டு யாரும் வரக் கூடாது என்றால் எப்படி? 1847ல் ரயில் வந்தே விட்டது.

அவருக்குப் பின் வந்த ஒரு பெண்மணி வேறு வழி கண்டார். பீட்ரிக்ஸ் பாட்டர் என்று பெயர். முயல் குட்டிக் கதை எழுதிப் படமும் போட்டவர். 1902ல் வெளியான அந்தக் கதைப் புத்தகம் பிரமாதமாக விற்றது. வந்த பணத்தில் அவர் நகையோ மாளிகையோ வாங்கவில்லை. அந்த ஏரிச் சீமையில் பண்ணை பண்ணையாக நிலம் வாங்கினார். குத்தகைக்காரர்கள் தொடர்ந்து ஆடு வளர்க்க ஏற்பாடு செய்தார். 1943ல் காலமானபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற பொது ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்தார். ஆடு மேய்ப்பவன் ஊரை விட்டுப் போய்விட்டால், பார்க்க வருகிறவனுக்கு வெறும் மலைதான் மிஞ்சும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிரதேசத்தை 2017ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

நம்மால் நாலாயிரம் ஏக்கர் வாங்க முடியாது. நாலு ஓலைப் பெட்டி வாங்கலாம் அல்லவா? பழவேற்காட்டில் நாம் பார்க்கப் போவது ஏரியை மட்டும் அல்ல. பாடு பார்த்து வலை போடுகிற கையையும் ஓலை பின்னுகிற கையையும்தான். அவர்கள் அங்கே இருந்தால்தான் ஏரி ஏரியாக இருக்கும். அதனால் திருவிழாக் கூட்டம் போலப் போக வேண்டாம். உறவு வீட்டுக்குப் போகிற விருந்தாளி போலப் போவோம்.

போகிறவர்களுக்கு

ரயில் கட்டணம் ஒரு காப்பியின் விலை கூட ஆகாது. காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டால் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேரலாம். கழிப்பிட விஷயத்தைப் பொன்னேரியிலேயே முடித்துக் கொள்வது பெண்களுக்கு உசிதம். புளியோதரையும் தயிர் சாதமும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஆனால் மீனோ நண்டோ சாப்பிடுகிறவர்கள் அதை அங்கேயே வாங்குங்கள். தண்ணீர் பாட்டில், பால் கவர், சாப்பிட்ட தட்டு எதுவும் ஏரிக்கரையில் கிடக்க வேண்டாம். ஒரு பையில் கட்டி வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். இறால் பிடிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்; நம் வீட்டுக் குழாயடியில் யாராவது வந்து நம்மைப் படம் எடுத்தால் சும்மா இருப்போமா? கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசையை அடக்கிக் கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் பொன்னேரிக்குத் திரும்பிவிடுங்கள்.

திரும்பும்போது எண்ணூரில் ரயில் ஜன்னலைச் சாத்தாமல் ஒரு தடவை வெளியே பாருங்கள். குழந்தை "இங்கே ஏன் ஒரே புகை?" என்று கேட்கும். காலையில் பார்த்த ஏரியையும் இதையும் சேர்த்து வைத்து நீங்களே பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் புரிந்து கொண்ட குழந்தைகள் வடசென்னையில் ஆயிரம் பேர் வளர்ந்துவிட்டால், பழவேற்காட்டைப் பற்றி நாம் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியிருக்காது.

என்ன, வரும் ஞாயிற்றுக்கிழமை வடக்கே தானே?